ஜவ்வாது மலைக்கு சைக்கிளில்: ஏறுவது இருக்கட்டும், இறங்கத் தெரியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் நண்பர்கள் இருவருமாக இரண்டு வருடமாக ஈ.சி.ஆரில் ஞாயிறுதோறும் 60, 70 கி.மீ. ஓட்டுகிறார்கள். வெர்மான்ட் மலைகளில் இலையெல்லாம் சிவந்து கிடக்கும் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுகிற வீடியோ ஒன்றைப் பார்த்ததில் இருந்து தூக்கம் போய்விட்டதாம். அக்டோபர் கடைசியில் மூன்று நாள் லீவு போட்டு, வீட்டு வாசலிலேயே சைக்கிளில் ஏறி ஜவ்வாது மலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். முடியுமா, எந்த வழி, சமவெளியில் மட்டுமே ஓட்டிய கால் மலையைத் தாங்குமா, அதற்கு முன் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஏதாவது ஓட்டியே ஆக வேண்டுமா? இவைதான் கேள்விகள்.

முடியும். ஆனால் அக்டோபரில் வேண்டாம், மூன்று நாளும் போதாது. கால் தாங்கும். கவலைப்பட வேண்டியது காலைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பருவம். வெர்மான்டில் மேப்பிள் மரங்கள் செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் நடுவரை நிறம் மாறுவது, பகல் குறைந்து குளிர் வருவதால். நம் காட்டு மரங்கள் இலை உதிர்ப்பது தண்ணீர் தட்டுப்பாட்டால். ஜவ்வாது மலைக்காடு இலை கொட்டி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் மாசி, பங்குனியில் போக வேண்டும். அப்போது வெயில் மண்டையைப் பிளக்கும், காட்டுத்தீ பயமும் உண்டு. அவர்களுடைய அக்டோபர் நமக்கு ஐப்பசி. நாம் இலையுதிர்காலம் என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் மாதங்களுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும். மழையும் குளிரும் சேர்ந்து அடிக்கிற காலம். மலையும் மலை சார்ந்த இடமும் ஆன குறிஞ்சிக்கு இந்தக் கூதிரையும் முன்பனியையும்தான் பெரும்பொழுதாக வைத்தார்கள். காதலர் சந்திக்கக் கூதிர் நல்ல பருவமாக இருக்கலாம், சைக்கிளுக்கு இரண்டாவதான முன்பனிதான் சரி. மார்கழி, தை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் நமக்குக் கிடைக்கிறது. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசி நாளில் புதுச்சேரி அருகே கரையேறியது. அப்போது சாத்தனூர் அணையில் இருந்து வந்த தண்ணீரில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பல மூழ்கின. நீங்கள் போகப் போவது அதே பெண்ணையாற்று ஓரமாக. பொங்கல் முடிந்த மறுவாரம் என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், ஏரி குளம் நிரம்பியிருக்கும், மலை இன்னும் பச்சையாகவே இருக்கும், மதிய வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். காவலூர் வான் ஆய்வகத்துக்காரர்களுக்கும் மழை ஓய்ந்த மாதங்கள்தான் அறுவடைக் காலம், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். 725 மீட்டர் உயரத்தில் ஜவ்வாது மலைக்குள் இருக்கும் அந்த ஊரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இருந்து இயங்குகிறது. வழியில் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தால் இறங்கி ஒரு பார்வை பாருங்கள்.

தேதி குறிப்பதற்கு முன் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். முதல் நாள் இரவு நீங்கள் தங்க வேண்டிய ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமிக்கு 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க ஜனம், ஊருக்குள் வண்டியே நுழையாது, லாட்ஜில் அறை கிடைத்தாலும் கேட்கிற வாடகையில் ஒரு டயர் வாங்கிவிடலாம். கார்த்திகை தீபம் என்றால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதீர்கள், சாமி கும்பிடுவதற்கென்றே போவதாக இருந்தால் ஒழிய.

காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்காரர்கள் நாம், வாடையும் கொண்டலும் எப்போது திரும்பும் என்று மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மார்கழி, தையில் காற்று வடகிழக்கில் இருந்து வரும். மேற்கே போகும்போது முதுகைத் தள்ளும். ஆகா, நாம் இவ்வளவு வேகமா என்று முதல் நாள் மனசு குளிரும். திரும்பி வரும்போதுதான் அந்தக் காற்று முகத்தில் அறைந்து உண்மையைச் சொல்லும். முதல் நாள் 24 கி.மீ. வேகத்தில் போன அதே சாலையில் கடைசி நாள் 17 தாண்டாது. அதனால்தான் மூன்று நாள் போதாது என்றேன்.

வழி கடலூர்க்காரர்களுக்கு எளிது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, அரசூர், திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர் என்று சித்தூர் வரை போகும் பழைய சாலை உங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. பெண்ணை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அந்த ஆற்றை எதிர்த்து மேலே போகிறோம் என்று நினைத்துக்கொண்டால் வரைபடமே வேண்டாம். திருவண்ணாமலை வரை நூறு கி.மீ.க்குச் சற்று மேல். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். புதுச்சேரியில் இருந்து வருபவர்கள் திண்டிவனம், செஞ்சி வழியாக வரலாம், தூரம் கிட்டத்தட்ட அதேதான். அந்த வழி கொஞ்சம் போரடிக்கும், ஆனால் திண்டிவனம் தாண்டியதும் பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்து, செஞ்சியில் ராஜகிரி கண்முன் நிற்கும்போது அதுவரைக்கும் மிதித்ததற்குக் கூலி கிடைத்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் 12 சேர்ந்தனவே, அவற்றில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை செஞ்சிதான்.

இரண்டாம் நாள் திருவண்ணாமலையில் இருந்து போளூர் ஏறத்தாழ 35 கி.மீ. அங்கிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் இன்னொரு 40 கி.மீ. அளவு. மூன்றாம் நாள் மலைக்கு மேலேயே இருங்கள். பீமன் மடுவு அருவி, கோலப்பன் ஏரி, காவலூர் என்று சுமையில்லாமல் சுற்றலாம். இந்த நாளைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள், பிறகு மலையில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் முன்சக்கரத்தைப் பார்த்தேன் என்கிறார்கள். நான்காம் நாள் இறங்கி திருவண்ணாமலை. ஐந்தாம் நாள் ஊர். ஐந்து நாள் லீவு கிடைக்காது என்றால் திரும்பும்போது ரயிலைப் பிடியுங்கள். காட்பாடி – விழுப்புரம் பாதை போளூர், திருவண்ணாமலை, திருக்கோவிலூர் வழியாகத்தான் வருகிறது. சைக்கிளை லக்கேஜில் ஏற்றுவது பற்றி ஸ்டேஷனில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் இறங்கினால் கடலூர் அரை நாள் ஓட்டம்கூட இல்லை.

ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் மலையாக வேண்டாம். ஏற்காடு 20 கொண்டை ஊசி, ஏறத்தாழ 1,500 மீட்டர், சனி ஞாயிறில் கார்கள் ஈசல் மாதிரி. கொல்லிமலை 70 கொண்டை ஊசி, அதை எண்ணி முடிப்பதற்குள் வாழ்க்கையே வெறுத்துப் போகும். ஜவ்வாது உயரம் குறைவு, வண்டி குறைவு, மேலே போனதும் மேடும் பள்ளமுமாகக் காட்டுக்குள் கிராமம் கிராமமாகப் போகும் சாலை. கள்ளக்குறிச்சிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கல்வராயன் மலையும் நல்ல தேர்வுதான். கோமுகி அணை வரை சமவெளி, அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏற்றம்.

இனி ஏற்றம். பயப்படாதீர்கள். நம் ஊர் மலைச்சாலைகள் பஸ்ஸும் லாரியும் ஏறுவதற்காகப் போட்டவை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி மலைப்பகுதியில் சரிவு வழக்கமாக 5 சதவீதம், தவிர்க்க முடியாத இடத்தில் 7. கிராமத்துச் சாலைகள் இதைக் கொஞ்சம் மீறும், அவ்வளவுதான். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. போக ஆகும் உழைப்பு, காற்றில்லாத ஈ.சி.ஆரில் 25 கி.மீ. வேகத்தில் போகிற உழைப்புக்குக் கிட்டத்தட்ட சமம். அதை நீங்கள் ஞாயிறுதோறும் செய்கிறீர்கள். கோடையில் மரக்காணம் போய் எதிர்காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியிருப்பீர்களே, நமக்கு மலை அதுதான். காற்று ஏற்றமும் கல் ஏற்றமும் காலுக்கு ஒன்றுதான்.

வித்தியாசம் கியரில் இருக்கிறது. சமவெளிக்காரர்கள் வாங்கும் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் இரண்டரை மீட்டர் போகும். 8 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்று. கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும், ஒன்றரை மணி நேரம் அப்படி மிதித்துப் பாருங்கள், முழங்கால் தனியாகப் பேசும். பின்னால் 34 பல் வரை உள்ள கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே வேகத்துக்கு 63 சுற்று. மூன்று பல்சக்கரம் வைத்த சாதாரண ஹைபிரிட் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 34 கிடைத்தால் 77 சுற்று, பேசிக்கொண்டே ஏறலாம். ஒரு லட்ச ரூபாய் ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவரை, பதினெட்டாயிரம் ரூபாய் ஹைபிரிட்டில் இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தள்ளிக்கொண்டு நடந்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. கேசட் மாற்றும்போது பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) அந்தப் பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டே மாற்றுங்கள்.

ஏறும்போது முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி இரண்டிரண்டு வார்த்தையாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கொண்டை ஊசியில் ஒரு நுட்பம் உண்டு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். சாலை இடப்பக்கமாகத் திரும்பும் வளைவில் நாம் உள்விளிம்பில் மாட்டிக்கொள்வோம், சாலையே அங்கேதான் செங்குத்து. வளைவு வருவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள், உள்ளே போனபின் குறைத்தால் செயின் கழன்றுவிடும். வலப்பக்க வளைவில் வெளிவிளிம்பு நமக்கு, அங்கே சரிவு குறைவு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பஸ் வந்தால் முழு வளைவும் அதற்குத்தான். ஹாரன் கேட்டதும் காலை ஊன்றி நின்றுவிடுங்கள். கௌரவம் ஒன்றும் போய்விடாது.

சரி, கைக்கு வருவோம். கடற்கரையில் ஓட்டும் நாம் பிரேக் பிடிப்பதே கிடையாது. நாய் குறுக்கே வந்தால், சிக்னல் விழுந்தால் இரண்டு விரலால் ஒரு பிடி, அவ்வளவுதான். பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் தொடர்ந்து நாற்பது நிமிடம் இறங்கிய அனுபவம் நமக்கு இருக்காது. ஏற்றத்தில் தவறு செய்தால் களைப்போம், இறக்கத்தில் தவறு செய்தால் பல் போகும்.

என் கதையையே சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட மறுநாள், மூன்று பேர் ஜமுனாமரத்தூரில் இருந்து போளூர் பக்கம் இறங்கினோம். முந்தின வாரம்தான் ஒரு கடையில் சைக்கிளை சர்வீஸ் விட்டு எடுத்திருந்தேன். பிரேக் கட்டைகள் புதுசு, பார்க்க அழகாக இருந்தன. இறக்கம் தொடங்கியதில் இருந்து பயத்தில் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே வந்தேன். விடவே இல்லை. ஈரச்சாலை, இரும்பு மாதிரி குளிர்ந்த காற்று. பாதி தூரத்தில் விரல் மரத்துவிட்டது. பிடிக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வளைவில் பிடித்தபோது சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடி விழுந்தது. ரிம்மில் இருந்த தண்ணீரைக் கட்டை துடைத்து எடுக்க அவ்வளவு நேரம். அந்த இரண்டு சுற்றில் நான்கு மீட்டர் போய்விட்டேன், வளைவில் எனக்கு மிச்சம் இருந்தது ஐந்து மீட்டரோ என்னவோ. வெளிப்பக்க மண்ணில் சறுக்கி நின்றேன்.

அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்ததும் கிளாஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. டீ தளும்பித் தொடையில் கொட்டியது. கடை ஆயா பார்த்துவிட்டு, "என்னா சாமி, கை இந்த ஆட்டம் ஆடுது, ஒதறு, நல்லா ஒதறு" என்று சொல்லி, கிளாஸை வாங்கி மேசைமேல் வைத்தார். கையை உதறிக்கொண்டே சைக்கிளைப் பார்த்தேன். முன்பக்கம் இடது பிரேக் கட்டையின் மேல்விளிம்பில் கறுப்புத் தூள் சேர்ந்திருந்தது. கட்டையை ஒரு நூல் உயரமாக வைத்து முடுக்கியிருந்தார்கள். நான் பிடித்த பிடியில் பாதி ரிம்மில் விழவில்லை, டயரின் பக்கச் சுவரில் விழுந்திருக்கிறது. டயரில் விரலை ஓட்டினேன், உள்ளே இருக்கும் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஐந்து கி.மீ. இறக்கம் இருந்திருந்தால் டியூப் வெடித்திருக்கும். அன்றிலிருந்து யார் சர்வீஸ் செய்தாலும் கட்டை ரிம்மில் எங்கே உட்காருகிறது என்று குனிந்து என் கண்ணால் பார்க்காமல் மலைக்குப் போவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 கிலோவை 600 மீட்டர் உயரத்தில் இருந்து இறக்குகிறோம். அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வாங்கிக்கொண்டால் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நல்லவேளை, காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் நான் செய்த மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டே மெதுவாக வந்தால் காற்றுக்குப் பங்கு இல்லாமல் எல்லாம் ரிம்முக்கே போகும், ஆறவும் நேரம் கிடைக்காது. வெயில் நாளில் ரிம் சூடேறி டியூபே வெடித்த கதைகள் உண்டு. டிஸ்க் பிரேக் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சூடு அதற்கும் ஆகாது. நின்றதும் தட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும்.

முறை இதுதான். நேர்ச் சாலையில் சைக்கிளை ஓடவிடுங்கள். வளைவுக்கு முன்பு, நிமிர்ந்து இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கக் கால் கீழே, உடம்பு எடை அந்தக் காலில், கண் வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும், அது ஏனோ அப்படித்தான். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. அதைத் தொட்டால் குப்புறக் கவிழ்வோம் என்று சின்ன வயதில் அப்பா சொன்னதை மறந்துவிடுங்கள், இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, விட்டுவிட்டு அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஈரத்திலும் மணலிலும் மட்டும் முன்பிரேக்கில் வெண்ணெய் மாதிரி கை வையுங்கள். சாலையின் நடுக்கோட்டை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள், கார் ஓட்டி வருகிறவர் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று கனவிலும் நினைக்க மாட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று கையை உதறுங்கள். விரல் குட்டையாக இருந்தால் பிரேக் லீவரை ஹேண்டில் பக்கம் நெருக்கி வைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், மெக்கானிக்கிடம் கேளுங்கள். என் மனைவி சைக்கிளில் அதைச் செய்த பிறகுதான் அவர் இறக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தார்.

இறங்கும்போது குளிரும். ஏறும்போது நனைந்த பனியன், 30, 40 கி.மீ. வேகத்தில் காற்று. தை மாதக் காலையில் பல் கிட்டிக்கும். விண்ட்சீட்டர் இல்லை என்றால் டீக்கடையில் நேற்றைய தினசரி ஒன்றைக் கேட்டு வாங்கி, நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பந்தயக்காரர்களே பல காலம் இதைத்தான் செய்தார்கள். செய்தியும் கூடவே வரும்.

பயிற்சிக்கு மலை வேண்டாம், மேடு போதும். உங்களுக்குக் கேப்பர் மலை இருக்கிறது. செம்மண் மேடுதான், ஆனால் பத்து தரம் ஏறி இறங்கினால் ஏற்றத்தைவிட அந்தப் பத்து இறக்கங்கள்தான் உங்களுக்குப் பாடம். புதுச்சேரியில் நாங்கள் கோரிமேட்டை வைத்து ஒப்பேற்றுகிறோம். ஒவ்வொரு இறக்கத்திலும் ஏதாவது ஒரு குறி வைத்து, அந்த மின்கம்பத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்று பிடித்துப் பாருங்கள். ஒரு தடவை ரிம்மில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கார்த்திகையில் மலைக்குப் போகிற ஆசையே போய்விடும்.

சாலையில் கிடப்பவை பற்றிக் கொஞ்சம். தை மாதம் கரும்பு அரவைக் காலம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் கரும்பு டிராக்டர்கள் விடியற்காலையில் வரிசையாகப் போகும், பாதிக்குப் பின்விளக்கு கிடையாது. கரும்புச் சோகை பின்னால் தொங்கும், இருட்டில் அதுதான் முதலில் முகத்தில் படும். அதனால் 5 மணிக்குக் கிளம்பினாலும் முன்விளக்கு சும்மா மினுக்காமல் சாலையைக் காட்டுகிற விளக்காக இருக்கட்டும். அந்த மாதங்களில் சூரியன் வரவே ஆறரை ஆகும். அறுவடை முடிந்த ஊர்களில் கொள்ளு, உளுந்து, மலையில் சாமை என்று சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறினால் தானே உதிரும் என்று. காரில் போகிறவருக்கு அது மெத்தை, நமக்குச் சோப்பு. கொள்ளுக்கொடி பின் டிரெய்லியரில் சுற்றிக்கொண்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது அவர்களுடைய வருட உழைப்பும்கூட.

சீமைக்கருவேல முள்ளுக்கு ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுகிற சாமான், கைப்பம்பு. உங்கள் டியூபில் ஒல்லி வால்வு, அதாவது பிரெஸ்டா வால்வு இருந்தால், பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் உள்ள பஞ்சர் கடைகளில் பைக் வால்வுக்குக் காற்று உண்டு, பழைய சைக்கிளுக்கு வால்டியூப் உண்டு, ஒல்லி வால்வைப் பார்த்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதைப் பிரெஞ்சு வால்வு என்றும் சொல்வார்கள், ஆனால் அது புதுச்சேரி பஞ்சர் கடையிலேயே கிடைக்காது என்பது வேறு கதை. போளூருக்கு மேல் சைக்கிள் கடையை நம்பாதீர்கள்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் தங்கும் இடம் குறைவு, போன் போட்டு உறுதி செய்துகொண்டு ஏறுங்கள். ஐந்து மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள். கரடி இருக்கிற காடு. அதைவிட, இருட்டில் போனில் சிக்னல் இல்லாமல் செயின் அறுந்து நிற்பது இன்னும் மோசம். குரங்குகளுக்கு வாழைப்பழம் எந்தப் பையில் இருக்கிறது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் தடவை போகிறவர்கள் கவிழ்வது இங்கேதான். நூறு கி.மீ.க்கு ஏறக்குறைய 2,000 கலோரி செலவாகும். பசித்த பிறகு சாப்பிட்டால் ஒரு மணி நேரம் தாமதம் என்று அர்த்தம். முக்கால் மணிக்கு ஒரு தரம் ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போகட்டும். காலையில் நாலு இட்லி நல்லது, நெய்ப் பொங்கல் ஏற்றத்துக்கு முன் வேண்டாம், கண் சொருகும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் கெண்டைக்கால் இழுக்கும். எலுமிச்சை சோடாவில் உப்புப் போடச் சொல்லிக் குடியுங்கள்.

கடைசியாகப் பிரெவே. அது வேறு ஆட்டம். பாரிஸில் 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி 200 கி.மீ.யைப் பதிமூன்றரை மணி நேரத்தில், 300ஐ 20 மணி நேரத்தில், 600ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். போட்டி கிடையாது, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை 1,200 கி.மீ.க்குப் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் நடக்கிறது, அடுத்தது 2027. ஆசை இருந்தால் ஓட்டுங்கள். மலைக்குப் போக அது தகுதிச் சான்றிதழ் அல்ல. ஒரு 200 ஓட்டியிருந்தால் பசியையும் தூக்கத்தையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும், இறங்குவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லித் தராது. அதற்குப் பதில் டிசம்பரில் மழை இல்லாத ஒரு ஞாயிறு செஞ்சி வரை போய் வாருங்கள். கடலூரில் இருந்து போக வர 150 கி.மீ.க்கு மேல் ஆகும். மறுநாள் காலையில் மூன்று பேரும் வேலைக்குப் போக முடிந்தால் திருவண்ணாமலையில் அறை போட்டுவிடலாம்.

பிரேக் கட்டையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள், முந்தின நாள் மாற்றாதீர்கள். புதுக்கட்டை ரிம்மோடு பழக நாலைந்து நாள் எடுக்கும். அந்த நாட்களில் கேப்பர் மலையில் இறங்கிப் பழகினால் கட்டையும் பழகும், கையும் பழகும். வால்வு அடாப்டர் உங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது.